சிறிய எஞ்சினும் பெரிய சுமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பண்ணைக்கும் பட்டறைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கும் ஒரே பிக்கப் வண்டியில் போய்வருகிற குடும்பங்கள் லட்சக்கணக்கில் உண்டு. முன்னால் ஆட்கள் அமரும் அறை, பின்னால் திறந்த சரக்குத் தொட்டி, மூடிக்கு அடியில் ஆறு அல்லது எட்டுச் சிலிண்டர் கொண்ட பெரிய எஞ்சின் என்பதே அங்கே பிக்கப்பின் இலக்கணமாக நெடுங்காலம் வழங்கி வந்தது. அந்த நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் மாவெரிக் என்னும் சிறிய பிக்கப்பை 20,000 டாலருக்குள் தொடங்கும் விலையில் அறிமுகம் செய்து, கூடுதல் பணம் தருவோருக்கு நான்கே சிலிண்டர்களும் இரண்டே லிட்டர் கொள்ளளவும் உடைய டர்போ எஞ்சின் ஒன்றையும் அதில் பொருத்தித் தருவதாகவும், அது 250 குதிரைத்திறன் கொடுக்கும் என்றும் அறிவித்தபோது, விலையைக் கேட்டு மகிழ்ந்தவர்களின் மனத்திலும் உடனே ஒரு சந்தேகம் எழுந்தது: இவ்வளவு சின்ன எஞ்சின் வண்டியை இழுக்குமா?

இந்தக் கேள்வியை ஆராயப் புகும்போது முதலில் கவனிக்க வேண்டியது, இதற்குத் தீர்ப்புச் சொல்லுகிறவர்கள் இருவர் என்பது. ஒருவர் தராசும் கடிகாரமும் கொண்டு அளக்கிற பௌதிக சாஸ்திரி. மற்றவர் முதுகையும் காதையும் கொண்டு அளக்கிற ஓட்டுநர். ஒரே வண்டியைப் பற்றி இவ்விருவரும் மாறுபட்ட அபிப்பிராயம் கூறுவதுண்டு. இருவர் கூற்றிலும் உண்மையும் உண்டு. ஏனெனில் குதிரைத்திறன் என்ற எண், எவ்வளவு சக்தி கிடைக்கும் என்பதை மாத்திரம் சொல்லுகிறதே தவிர, காலால் மிதித்தபின் எத்தனை கணம் கழித்து அது கிடைக்கும் என்பதையும், கிடைத்தது எத்தனை நிமிஷம் குறையாமல் நிலைக்கும் என்பதையும் சொல்லுவதில்லை. சிறிய டர்போ எஞ்சினின் பெருமை பெரும்பாலும் முதல் கேள்வியில் அடங்கியிருக்கிறது. அதன் மீது சுமத்தப்படும் குறைகளோ பெரும்பாலும் மற்ற இரண்டு கேள்விகளைச் சேர்ந்தவை.

முதலில் தேவை எவ்வளவு என்று கணக்கிடுவோம். ஆளும் சாமானுமாக 1,800 கிலோ எடையுள்ள ஒரு சிறிய பிக்கப், சமதரையான நெடுஞ்சாலையில் மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், எதிரே நிற்கும் காற்றை விலக்குவதற்குச் சுமார் 530 நியூட்டன் விசையும், டயர்கள் உருளுவதில் நேரும் தடையை வெல்லுவதற்குச் சுமார் 180 நியூட்டன் விசையும் வேண்டும். இவற்றின் கூட்டுத் தொகையை வேகத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 21 கிலோவாட், அதாவது 28 குதிரைத்திறன் வருகிறது. 250 குதிரைத்திறன் உள்ள வண்டி அதில் ஒன்பதில் ஒரு பங்கை மட்டும் செலவிட்டுக்கொண்டு மணிக்கணக்காக ஓடுகிறது என்பதும், மிகுதியெல்லாம் வேகம் கூட்டுவதற்கும் மேடு ஏறுவதற்கும் சுமை இழுப்பதற்கும் கையிருப்பாக இருக்கிறது என்பதும் இக்கணக்கிலிருந்து விளங்கும்.

இனி, சோதனையைக் கடினமாக்கிப் பார்ப்போம். கொலராடோ மாநிலத்தில் எழுபதாம் எண் நெடுஞ்சாலை, டில்லன் என்ற ஊரின் அருகிலிருந்து ஐசன்ஹோவர் சுரங்கத்தை நோக்கி மேலேறுகிறது; நூறு அடிக்கு ஏழு அடி உயரும் செங்குத்தான பகுதிகள் அந்த ஏற்றத்தில் உண்டு; சுரங்கத்தின் வாயில் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாவெரிக் தன் பின்னால் இழுக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 4,000 பவுண்டு, அதாவது சுமார் 1,800 கிலோ. வண்டியும் அது இழுக்கும் டிரெய்லருமாகச் சேர்ந்து 3,500 கிலோ எடையை அந்த ஏற்றத்தில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுசெல்ல வேண்டுமானால், புவியீர்ப்பை எதிர்த்து உயர்த்துவதற்கு மாத்திரம் 60 கிலோவாட் செலவாகும். காற்றின் தடை, டயரின் தடை, கியர்ப்பெட்டியில் வீணாவது ஆகிய அனைத்தையும் கூட்டிப் பார்த்தால் எஞ்சினிடமிருந்து சுமார் 130 குதிரைத்திறன் தேவைப்படும். எண்ணைக் கொண்டு தீர்ப்புச் சொல்லுவதானால், கையிலிருப்பதில் பாதிதான் செலவாகிறது.

பழைய காலத்தோடு ஒப்பிட்டால் இந்த எண்ணின் மதிப்பு இன்னும் தெளிவாகும். ஃபோர்டு நிறுவனமே 1983-ஆம் ஆண்டு மாடலாக வெளியிட்ட ரேஞ்சர் என்ற சிறு பிக்கப்பின் இரண்டு லிட்டர் எஞ்சின், டர்போ இல்லாமல், 73 குதிரைத்திறன் கொடுத்தது. அந்த வண்டியின் எடை சுமார் 1,200 கிலோ. ஆகவே டன் ஒன்றுக்கு அதற்குக் கிடைத்தது 61 குதிரைத்திறன். 2021-இல் வெளிவந்த, அதே இரண்டு லிட்டர் கொள்ளளவுடைய மாவெரிக், சுமையில்லாதபோது டன்னுக்கு 147 குதிரைத்திறன் உடையதாக இருந்தது. அனுமதிக்கப்பட்ட முழுப் பாரத்தையும் பின்னால் கட்டிக்கொண்டு, மொத்தம் மூன்றரை டன்னாக நிற்கும்போதும் டன்னுக்கு 71 குதிரைத்திறன் அதற்கு மிஞ்சியது. வெறுந்தொட்டியோடு ஓடிய பழைய ரேஞ்சரைவிட, பாரம் முழுவதையும் இழுத்துச் செல்லும் புதிய சிறு வண்டிக்குப் பலம் அதிகம் என்பது பலருக்கு நம்புவதற்கரிய செய்தியாக இருக்கலாம்; ஆனால் கணக்கு அவ்வாறுதான் சொல்லுகிறது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பெட்ரோல் எஞ்சின் எதிலும் சக்தியின் அளவை நிர்ணயிப்பது பெட்ரோல் அன்று, காற்றே. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்குப் பதினான்கே முக்கால் கிராம் அளவு காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பீச்சிவிடலாம், ஆனால் அதற்கு ஈடான காற்றைச் சிலிண்டருக்குள் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அரிய காரியம். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழிறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை நோக்கி வாயுமண்டலத்தின் அழுத்தம் காற்றைத் தள்ளுகிறது. அவ்வழுத்தம் தருவதற்கு மேல் ஒரு துளியும் கிடையாது. அதிகக் காற்று வேண்டுமானால் சிலிண்டரைப் பெரிதாக்க வேண்டும், அல்லது எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், அல்லது எஞ்சினை அதிக வேகத்தில் சுழற்ற வேண்டும் என்பதே பழைய வழி. வி-8 எனப்படும் அமெரிக்காவின் பெரிய எட்டுச் சிலிண்டர் எஞ்சின்கள் இவற்றில் முதலிரண்டு வழிகளின் சந்ததிகள்.

மூன்றுமல்லாத வேறொரு வழியை ஸ்விட்ஸர்லாந்து நாட்டுப் பொறியியலறிஞர் ஆல்ஃபிரெட் பியூஹி யோசித்து 1905-ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். எரிபொருளின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியே போய் வீணாகிறது. அப்படிப் போகும் புகைவாயுவின் பாதையில் ஒரு சுழலியை வைத்து, அதே அச்சின் மறுமுனையில் காற்றை அமுக்கித் தள்ளும் இன்னொரு சக்கரத்தையும் பொருத்திவிட்டால், வீணாகிற சக்தியைக் கொண்டே சிலிண்டருக்குள் அதிகக் காற்றைத் திணிக்கலாம் அல்லவா? கொல்லன் உலைக்களத்தில் நெருப்பின் புகையே துருத்தியை ஊதுமாறு செய்ததை ஒத்தது, டர்போ என்று வழங்கும் இந்த ஏற்பாடு. இன்றைய சிறிய எஞ்சின்களில் இந்தச் சக்கரத்தின் குறுக்களவு ஏறக்குறைய 50 மில்லிமீட்டர்தான். உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம். ஆனால் அது நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் முறைவரை சுழலுகிறது. அவ்வேகத்தில் அதன் விளிம்பு வினாடிக்கு 500 மீட்டருக்கு மேல் பாய்கிறது. அதாவது காற்றில் ஒலி செல்லும் வேகத்தைக் கடந்துவிடுகிறது. அச்சின் ஒரு முனையில் 900 டிகிரி சென்டிகிரேடை எட்டும் புகை, மறுமுனையில் வெளிக்காற்று. இரண்டுக்கும் நடுவே அச்சைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் எண்ணெயின் மெல்லிய படலம் ஒன்றே.

இந்தச் சாதனத்தின் முதற்பெரும் பரீட்சைகளில் ஒன்றும் அதே கொலராடோவில்தான் நடைபெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. முதல் உலக யுத்தத்தின் கடைசி ஆண்டாகிய 1918-இல், ஆகாய விமானங்கள் உயரே செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறைந்து எஞ்சின் சோர்ந்துபோகும் குறையை நீக்குவதற்காக, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஸான்ஃபோர்டு மாஸ் என்பவர் லிபர்ட்டி என்ற பன்னிரண்டு சிலிண்டர் விமான எஞ்சினைப் பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு, ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்துக்கு, ஏற்றிச்சென்று அங்கே ஓட்டிப் பார்த்தார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த அவ்வெஞ்சின், மலையுச்சியில் டர்போ இல்லாமல் 230 தந்தது. டர்போவுடன் 356 தந்தது. மலைப் பிரதேசத்தில் வாழும் பிக்கப் உடைமையாளருக்கு இன்றும் இதில் பாடம் இருக்கிறது. ஐசன்ஹோவர் சுரங்கத்தின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்திலுள்ளதைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின், அது எவ்வளவு பெரியதாயினும், அந்த விகிதத்தில் பலம் இழந்தே தீரும். டர்போ எஞ்சினோ, சக்கரத்தை இன்னும் சற்று விரைவாகச் சுழற்றி, இழப்பில் பெரும்பகுதியை ஈடுசெய்துகொள்ளுகிறது.

கொள்ளளவு ஒன்றாக இருக்க, டர்போ மாத்திரம் என்ன மாற்றம் செய்யும் என்பதைக் காட்டுவதற்கு ஹியூண்டாய் நிறுவனத்தின் சான்டா குரூஸ் என்ற சிறு பிக்கப் நல்ல உதாரணம். அதே 2021-ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்தில் உற்பத்தி தொடங்கிய அவ்வண்டியில் இரண்டு எஞ்சின்கள் கிடைத்தன. இரண்டுமே இரண்டரை லிட்டர். டர்போ இல்லாதது 191 குதிரைத்திறன். டர்போ உள்ளது 281. இதைவிட முக்கியமானது முறுக்குவிசை, அதாவது எஞ்சின் தன் அச்சைத் திருகும் வலிமை. டர்போ இல்லாத எஞ்சின் தன் உச்ச முறுக்குவிசையாகிய 245 நியூட்டன் மீட்டரை நிமிஷத்துக்கு 4,000 சுழற்சியில்தான் தருகிறது. டர்போ எஞ்சினோ 422 நியூட்டன் மீட்டரை 1,700 சுழற்சியிலேயே தொட்டுவிட்டு, 4,000 வரை அந்த அளவில் நின்றுவிடுகிறது. குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையும் சுழற்சி வேகமும் சேர்ந்த பெருக்கற்பலன் ஆகையால், எஞ்சின் இரைச்சலின்றி மெதுவாகச் சுழலும் 1,700-இலேயே டர்போவினிடம் 100 குதிரைத்திறன் தயாராக இருக்கிறது. சுமை வண்டி ஓட்டுபவருக்கு வேண்டியது இதுவே. எஞ்சினை அலறவிடாமல் இழுக்கும் பலம்.

இவ்வளவு நன்மை இருந்தும் ஓட்டுநருக்குத் திருப்தி பிறக்காமல் போவது ஏன் என்றால், அங்கேதான் காலம் என்ற விஷயம் குறுக்கே நிற்கிறது. டர்போ சுழலுவதற்குப் புகை வேண்டும். புகை மிகுவதற்கு எஞ்சினில் அதிகக் காற்று எரிய வேண்டும். அதிகக் காற்று வருவதற்கு டர்போ சுழல வேண்டும். ஒன்றையொன்று பற்றிநிற்கும் இந்தச் சக்கரம் தானே தன்னை முடுக்கிக்கொள்ளச் சற்று அவகாசம் தேவைப்படுகிறது. இங்கே ஜனங்கள் ஒன்றாகக் கருதிவிடும் இரண்டு குறைகளைப் பிரித்தறிவது நலம். எஞ்சின் மிகக் குறைந்த வேகத்தில் சுழலும்போது, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் டர்போவை எழுப்புவதற்கு வேண்டிய புகையே இராது, இது முதற்குறை, கியரைக் குறைத்தால் இது தீரும். புகை போதுமானதாக இருக்கும் வேகத்திலும், மிதியை அழுத்திய கணத்துக்கும் சக்கரம் சுழன்று அழுத்தம் நிரம்பும் கணத்துக்கும் இடையே ஒரு தாமதம் உண்டு. டர்போ லேக் என்று ஓட்டுநர்கள் சொல்லுவது இதைத்தான். சக்கரத்தின் ஜடத்துவமும், அமுக்கிய காற்று நிரப்ப வேண்டிய குழாய்களின் கொள்ளளவும் இத்தாமதத்துக்குக் காரணங்கள்.

பெட்ரோல் மோட்டார்க் காரில் டர்போவை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம். 1962-ஆம் ஆண்டில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயரும், ஷெவர்லே கார்வேரின் டர்போ மாடலும் வெளிவந்தன. ஜெட்ஃபயரில் எரியறை மிகச் சூடேறாமல் காப்பதற்காகத் தண்ணீரும் மெதனாலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித் தொட்டியில் நிரப்பிவர வேண்டியிருந்தது. வாங்கியவர்களோ அதை நிரப்ப மறந்துவிட்டுச் சக்தி குறைந்ததென்று குறைகூறினார்கள். அந்த நாளிலிருந்து இன்றுவரை நடந்த முன்னேற்றமெல்லாம் தாமதத்தையும் உஷ்ணத்தையும் அடக்கும் முயற்சியே. ஒரு பெரிய சக்கரத்துக்குப் பதிலாக விரைவில் எழக்கூடிய சிறிய சக்கரம், அளவுக்கு மேல் அழுத்தம் ஏறாமல் மிகுதிப் புகையைத் திருப்பிவிடும் கதவு, ஒரு சிலிண்டரின் புகை மற்றொன்றின் புகையோடு மோதாதபடி பிரித்தனுப்பும் இரட்டைப் பாதை, எரியறைக்குள்ளேயே பெட்ரோலைப் பீச்சி அதன் ஆவியாதலால் குளிர்விக்கும் முறை, கணத்தில் கியர் மாற்றும் எட்டுப்படித் தானியங்கிப் பெட்டி ஆகிய இத்தனையும் சேர்ந்துதான் இன்றைய இரண்டு லிட்டர் எஞ்சினைச் சுமை வண்டிக்கு ஏற்றதாக்கின. தாமதம் இதனால் குறைந்தது, அடியோடு மறைந்துவிடவில்லை.

எஞ்சிய அந்தச் சிறு தாமதம் மனத்துக்கு இவ்வளவு பெரிதாகத் தோன்றுவதற்கு நம் உடலின் அமைப்பே காரணம். உட்செவியினுள், மெல்லிய மயிர்போன்ற உணர்வணுக்களின்மேல், சுண்ணாம்புச் சத்தாலான நுண்ணிய படிகங்கள் பசைபோன்ற படலத்தில் பதிந்திருக்கின்றன. வண்டி முன்னே பாயும்போது இப்படிகங்கள் சற்றே பின்தங்கி அம்மயிர்களை வளைக்கின்றன. அந்த வளைவே வேக வளர்ச்சியாக மூளைக்குத் தெரிகிறது. முதுகு இருக்கையில் அழுந்துவதும் கழுத்து பின்னே சாய்வதும் இதற்குச் சாட்சிகளாகச் சேர்ந்துகொள்ளுகின்றன. ஆனால் நம் புலன்கள் ஒரே அளவாக நிலைத்திருக்கும் உந்துதலைவிட, உந்துதலில் நிகழும் மாறுதலையே கூர்மையாகக் குறித்துக்கொள்ளும் இயல்புடையவை. கால் மிதித்தவுடன் சீராகத் தள்ளுகிற பெரிய எஞ்சின், உண்மையில் மெதுவாகவே வேகம் கூட்டினாலும், பலசாலியாகத் தோன்றுகிறது. முதலில் தயங்கி, பிறகு திடீரென்று பொங்குகிற டர்போ எஞ்சினோ, தயங்கும் கணத்தில் உள்ளதைவிடப் பலவீனமாகவும், பொங்கும் கணத்தில் உள்ளதைவிடப் பலமாகவும் தோன்றுகிறது. ஒரே வண்டியை ஒருவர் தூங்குமூஞ்சி என்றும், மற்றொருவர் ஆளைப் பின்னே தள்ளிவிடுகிறது என்றும் வர்ணிப்பதில் முரண்பாடில்லை. இருவரும் வெவ்வேறு கணங்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இந்த இயல்பை உற்பத்தியாளர்கள் நன்கு அறிவார்கள். இக்காலத்து வண்டிகளில் மிதியும் எஞ்சினும் கம்பியால் இணைக்கப்படுவதில்லை. இடையே கணினி இருக்கிறது. மிதியின் முதற்கால் பாகத்திலேயே காற்றுக்கதவைப் பெரும்பகுதி திறந்துவிடும்படி அக்கணினியை அமைத்துவிட்டால், எஞ்சின் மாறாமலே வண்டி துடிப்புடையதாகத் தோன்றும். ‘ஸ்போர்ட்’ என்று எழுதிய பொத்தான் பெரும்பாலும் இதையும், கியர் மாறும் நேரத்தையும் மாற்றுகிறதே தவிர, குதிரைத்திறனை ஏற்றுவதில்லை. காதுக்கும் இவ்வாறே உபசாரம் நடக்கிறது. 2015-ஆம் ஆண்டின் மஸ்டாங் காரில் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சினை வைத்த ஃபோர்டு நிறுவனம், அதன் மெலிந்த குரலை ஒலிபெருக்கிகளின் வழியே பெருக்கிக் கேட்கச் செய்தது. எட்டுச் சிலிண்டரின் ஆழ்ந்த உறுமலைப் பலத்தின் குரலாகக் கேட்டுப் பழகிய செவிக்கு, நான்கு சிலிண்டரின் ஓசை எத்தனை பலத்தோடு வந்தாலும் நம்பிக்கை ஊட்டுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கு மறுதலையான உதாரணமும் மாவெரிக்கிலேயே உண்டு. அடிப்படை மாடலில் இரண்டரை லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து 191 குதிரைத்திறன் தருகின்றன. கடிகாரத்தின்முன் டர்போ மாடலிடம் தோற்றுப்போகும் இவ்வண்டி, நகரத் தெருவில், விளக்கு பச்சையானதும் நகரும் அந்த முதற்கணத்தில், சோம்பலின் அறிகுறியே காட்டுவதில்லை. மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையையும் தர வல்லது அல்லவா? பலம் குறைந்தது பலமுள்ளதாகவும், பலமுள்ளது தயங்குவதாகவும் தோன்றும் இவ்விரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்ப்பவர், எண்ணும் உணர்வும் வெவ்வேறு வழியில் செல்லுவதைப் பிரத்தியட்சமாகக் காணலாம்.

அளவைச் சோதனையிலும் இவ்வேறுபாட்டை வெளிப்படுத்தும் உபாயம் ஒன்று உண்டு. வண்டியை நிறுத்தி, ஒரு காலால் பிரேக்கையும் மறு காலால் மிதியையும் அழுத்தி, டர்போவை முன்கூட்டியே எழுப்பிவிட்டுப் பிறகு பிரேக்கை விட்டால், மணிக்கு 60 மைல் வேகத்தை டர்போ மாவெரிக் சுமார் 6 வினாடியில் எட்டுகிறது. ஆனால் உலகத்தில் ஒருவரும் தினசரி வாழ்க்கையில் அப்படிப் புறப்படுவதில்லை. ஆகையால் ‘கார் அண்டு டிரைவர்’ என்ற அமெரிக்கப் பத்திரிகை, வண்டி மணிக்கு 5 மைல் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது மிதியை அழுத்தி 60 மைலை எட்டும் நேரத்தையும் தனியே அளந்து வெளியிடுகிறது. இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசமே டர்போவின் தயக்கத்துக்கு நல்லதோர் அளவுகோல். கிளைச்சாலையிலிருந்து மெல்ல ஊர்ந்து வந்து, விரைந்துவரும் வாகனங்களுக்கு இடையே நெடுஞ்சாலையில் கலக்கும் ஓட்டுநருக்குப் பயன்படுவதும் இவ்விரண்டாவது எண்தான்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம்: கிடைத்த பலம் எவ்வளவு நேரம் நிலைக்கும்? காற்றை அமுக்கினால் அது சூடேறும் என்பது பௌதிக நியதி. 27 டிகிரியில் உள்ள காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும் சாதாரண அமுக்கியிலிருந்து அது 120 டிகிரிக்குமேல் சூடாகி வெளிவரும். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறைகிறது. அதோடு, எரியறையில் தீப்பொறி பாயும் முன்னரோ பாய்ந்த பிறகோ கலவை தானே வெடித்து எஞ்சினைத் தட்டச் செய்கிறது. இதைத் தடுக்க, இன்டர்கூலர் என்னும் குளிர்விக்குள் காற்றைச் செலுத்தி வெப்பத்தைக் குறைக்கிறார்கள். மலையேற்றத்தில் பத்து நிமிஷம் முழுப் பலத்தோடு இழுக்கும்போது, கோடைப்பகலில், முன்னே செல்லும் வண்டிகளின் வெப்பமும் சேர்ந்துவர, இக்குளிர்வி தன் எல்லையை எட்டிவிடும். அப்போது கணினி தீப்பொறியைச் சற்றுத் தாமதித்தும், பெட்ரோலை மிகுதியாகப் பீச்சி அதன் ஆவியாலேயே எரியறையைக் குளிர்வித்தும் எஞ்சினைக் காப்பாற்றுகிறது. முதல் வழியில் பலம் குறைகிறது. இரண்டாம் வழியில் பெட்ரோல் கரைகிறது.

பலம் நிலைப்பதற்கு வெப்பமே எல்லை என்பதற்கு உற்பத்தியாளரின் செய்கையே சான்று. சாதாரண மாவெரிக் இழுக்கலாம் என்று அனுமதிக்கப்பட்டது 2,000 பவுண்டு, அதாவது சுமார் 900 கிலோ. தனிப் பணம் கொடுத்து இழுவைத் தொகுப்பு ஒன்றை வாங்கினால், டர்போ மாடலில் அது இரண்டு மடங்காகி 4,000 பவுண்டாகிறது. அந்தத் தொகுப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஒரு குதிரைத்திறன்கூடக் கூடுதலாக இல்லை. வலிய மின்விசிறி, கொள்திறன் மிக்க ரேடியேட்டர், கியர்ப்பெட்டி எண்ணெயைக் குளிர்விக்கும் தனி ஏற்பாடு, முறுக்குவிசையைப் பெருக்கும் 3.81 என்ற கடைப் பல்விகிதம், டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் கருவி ஆகியவைதான் இருக்கின்றன. இழுக்கும் தகுதியை இரட்டிப்பதற்கு வேண்டியிருந்தது வெப்பத்தை வெளியேற்றும் வழியும், தொடங்கும்போது உதவும் பல்விகிதமுமே. 130 குதிரைத்திறனை இடைவிடாமல் கொடுக்கும் எஞ்சின், ஏறத்தாழ அதே அளவு வெப்பத்தை ரேடியேட்டரின் வழியே வெளியே தள்ளியாக வேண்டும் என்பதை நினைத்தால், இத்தொகுப்பின் தர்க்கம் விளங்கும்.

சிறிய எஞ்சினின் சிக்கனமும் இவ்விடத்தில் ஆராயத்தக்கது. சமதரையில் மெல்ல ஓடும்போது டர்போ பெரும்பாலும் உறங்கிக்கிடக்கிறது. வண்டி சிறிய எஞ்சினின் செலவிலேயே செல்லுகிறது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் அளவீட்டில், முன்சக்கர இயக்கமுள்ள 2022 மாடல் டர்போ மாவெரிக் நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தந்தது. பாரம் ஏறியதும் டர்போ விழித்துக்கொள்ளுகிறது. உண்டாகும் சக்திக்கு ஈடான பெட்ரோலை அது கணக்குப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பலத்தையும் சிக்கனத்தையும் ஒரே வண்டி தருகிறது என்ற விளம்பரம் பொய்யன்று. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் தருவதில்லை. இதனோடு சேர்த்து ஓர் எச்சரிக்கையும் உண்டு. மிகக் குறைந்த சுழற்சியில் எஞ்சினை அமுக்கி இழுக்கச் செய்தால், எண்ணெய்த் துளிகளிலிருந்தும் படிந்த கரியிலிருந்தும் கலவை முன்கூட்டியே தீப்பற்றிப் பிஸ்டனைச் சேதப்படுத்தக்கூடும் என்பது டர்போ எஞ்சின்கள் பெருகிய பின்னரே முக்கியத்துவம் பெற்ற நோய்; இதைத் தடுப்பதற்காகவே அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 2018-இல் எண்ணெய்க்குப் புதிய தரமொன்றை வகுத்தது. ஆகவே உரிய எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவது இவ்வெஞ்சின்களுக்கு உயிர்நாடியாகும்.

அப்படியானால் பெரிய எஞ்சினுக்கு என்ன மேன்மை என்று கேட்கலாம். அது எப்போதும் தன் பலத்தில் சிறு பங்கையே செலவிட்டுக்கொண்டிருக்கும். காற்றை அமுக்காமையால் அதன் வெப்பம் குறைவு. மிதித்த கணத்திலேயே அது விடை தரும். இவை மெய்யான நலன்கள். ஆயினும் காலம் எத்திசையில் செல்லுகிறது என்பதற்கு ஃபோர்டு நிறுவனத்தின் பெரிய பிக்கப்பாகிய எஃப்-150-இன் கதையே போதும். 2011-ஆம் ஆண்டு மாடலில் மூன்றரை லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டரும் உடைய இரட்டை டர்போ எஞ்சினை அதில் வைத்தபோது, எட்டுச் சிலிண்டரே இல்லாத பிக்கப்பை யார் வாங்குவார்கள் என்று ஐயுற்றவர்கள் பலர். அவ்வாண்டிலேயே ஆறு சிலிண்டர் வண்டிகள் எட்டுச் சிலிண்டர் வண்டிகளை விற்பனையில் மிஞ்சின.

ஆகவே, சிறிய டர்போ பிக்கப்பை வாங்க நினைப்பவர் குதிரைத்திறனைக் கேட்டு மயங்கவும் வேண்டாம், கொள்ளளவைக் கேட்டு மிரளவும் வேண்டாம். காட்சிக்கூடத்தின் வாசலில், வெறுந்தொட்டியோடு, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவருவது பரீட்சையாகாது. வழக்கமாக ஏற்றும் பாரத்தைத் தொட்டியில் வைத்து, மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும்போது மிதியை அழுத்தி, எத்தனை நேரம் கழித்து வண்டி பாய்கிறது என்று பார்க்க வேண்டும். வெயில் நேரத்தில் நீண்ட மேடொன்றில் ஏற்றி, அடிவாரத்தில் இருந்த இழுவை உச்சியிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிரெய்லர் இழுப்பவரானால் குளிர்விக்கும் தொகுப்பை ஆடம்பரமாகக் கருதாமல் எஞ்சினின் ஓர் அங்கமாகவே கருதி வாங்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் ஆட்களையும் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு, ஏழாம் நாள் ஒரு படகையோ புல்வெட்டும் யந்திரத்தையோ இழுத்துச் செல்லும் சாதாரண மனிதருக்கு இவ்வெஞ்சின் போதும் என்பது மட்டுமன்று, வேண்டியதைவிட மிகுதி என்றே சொல்லலாம். நாள்தோறும் உச்ச பாரத்தை மலைமேல் இழுப்பதையே தொழிலாகக் கொண்டவர் பெரிய வண்டியை நாடுவது நியாயம். அவருக்கு அங்கே கிடைப்பது அதிக பலத்தைவிட, அந்தப் பலத்தை நாள் முழுவதும் சூடேறாமல் செலவிடக்கூடிய வசதியே ஆகும்.